ஏலத்துக்குத் திரும்பி வராத புத்தகம்

என் முதல் நாவலை நான் ஒரே ஒரு வாசகருக்காகத்தான் எழுதினேன். அந்த வாசகருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர் என் வீட்டிலேயே இருக்கிறார். நான் வைக்கும் மீன்குழம்பில் புளி கூடிப்போயிற்று என்று வாரத்துக்கு ஒருமுறையாவது குறை சொல்கிறார். என் கணவர்தான்.

தமிழ் பேசுவார். அழகாகவே பேசுவார். ஆனால் படித்ததெல்லாம் பாறசாலையில் மலையாளப் பள்ளியில். தமிழ் எழுத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் 'நாகர்கோவில்'. அதையும் வாசிப்பார் என்று சொல்ல முடியாது. பஸ் போர்டில் பார்த்துப் பார்த்து அதன் உருவம் பழகிவிட்டது, அவ்வளவுதான். ஒரு தடவை களியக்காவிளையில் 'நாகப்பட்டினம்' என்று எழுதிய சுற்றுலா பஸ்ஸில் ஏறப்போனவரைச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அப்போதும், "அதே 'நா'வும் 'க'வும் தானே, நமக்குக் கிட்டத்தில்தான் இருக்கும்" என்று வாதம் செய்தார்.

நான் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், விளவங்கோட்டுக்காரி. கல்யாணமாகி இங்கே வந்தபிறகு ரேஷன் கடைப் பலகையையும் பஸ் போர்டுகளையும் பார்த்தே மலையாளம் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். பதிலுக்கு நீங்களும் தமிழ் படியுங்கள் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். "அதுக்குத்தான் நீ இருக்கியே" என்று முடித்துவிடுவார்.

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தைப் பார்த்தால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். என் கையில் தமிழ் வேதாகமம், அவர் கையில் மலையாள வேதாகமம். ஒரு வசனம் நான் தமிழில் வாசிப்பேன், அடுத்த வசனம் அவர் மலையாளத்தில் வாசிப்பார். இப்படியே அதிகாரம் முடியும். எங்கள் மகள் சின்னதில், வேதாகமமே அப்படித்தான் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது பெங்களூரில் வேலை செய்கிறாள். இரண்டு மொழியையும் அரைகுறையாக வாசிப்பாள்.

அவருக்குப் பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் பெயிண்ட் கடை. எனக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வந்து நிற்கும் சனங்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுப்பது என் பிழைப்பு. மத்தியானத்துக்கு மேல் வீடு திரும்பி, மகள் இருந்த அறையில் உட்கார்ந்து எழுதுவேன். மூன்று வருடம் அப்படி எழுதினேன்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சள் அறை. நல்ல வெளிச்சமான மஞ்சள். ஆனால் சன்னலுக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்கு மஞ்சள் மெலிந்து, பழைய நீலம் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும். ஒரே ஒரு பூச்சு, ஒரு கோட்டு, மட்டும் அடித்த சுவர் அது. வீடு முழுக்க வருடத்துக்கு ஒரு நிறம் மாற்றிப் பார்க்கிற மனுசன், அந்த அறைக்குள் மட்டும் பிரஷைக் கொண்டுவர மாட்டார். "பெயிண்ட் கடைக்காரன் வீட்டுச் சுவர் லெட்சணத்தைப் பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் நான் மானத்தை வாங்குவேன். அவர் சிரித்துக்கொண்டே வேறு பேச்சை எடுப்பார்.

அந்த மஞ்சள் அடித்த கதை மகள் பிறப்பதற்கு முந்தியது. அதுதான் என் நாவலின் நடுவில் ஓர் அத்தியாயமாக இருக்கிறது.

அப்போது எனக்கு ஆறு மாதம் முடிந்து ஏழு. பிள்ளைக்கென்று ஓர் அறை வேண்டும் என்று அவர்தான் ஆசைப்பட்டார். சாமான் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்து, கடையிலிருந்து மஞ்சள் கொண்டுவந்து, இரண்டுபேருமாகச் சேர்ந்து அடித்தோம். நான் வயிற்றைச் சுமந்துகொண்டு கீழ்ப்பாதி அடித்தேன், அவர் ஸ்டூல் போட்டு மேல்பாதி. சன்னல் வரைக்கும் வந்தபோது எனக்கு வலி வந்தது. பிரஷை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளை தங்கவில்லை. அவரும் உபதேசியாரும் மட்டும் போய்ச் சபைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்து அம்மா என்னைத் தன் வீட்டுக்கு அழைத்தாள். நான் என் வீட்டுக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்து வந்தேன். வாசலில் கால் வைத்ததும் பெயிண்ட் வாசனை. உள்ளே போய்ப் பார்த்தால் அறை முழுக்க மஞ்சள். இன்னும் காயவில்லை. பிள்ளையை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்து ஒரு மனுசனால் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க முடிகிறதா என்று நினைத்தேன். வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. அந்தக் கோபம் எனக்குள் வருடக்கணக்காகக் கிடந்தது. மகள் பிறந்தாள், அந்த அறையிலேயே வளர்ந்தாள், கோபம் மெல்ல மெல்லக் கரைந்தது. ஆனால் கேள்வி கரையவில்லை. ஏன் அடித்தீர்கள்?

முகம் பார்த்துக் கேட்க வாய் வராத கேள்வியைக் கதையில் கேட்கலாம் என்று தோன்றியது. கதையில் வரும் கணவனுக்கு நானே ஒரு காரணம் கொடுத்தேன். அவன் அழுதுகொண்டே மஞ்சள் அடிக்கிறான். துக்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் சுவரில் இறக்கி வைக்கிறான். எழுதி முடித்தபோது நானே அழுதேன். அந்த அத்தியாயத்தை அவர் ஒருமுறை வாசித்துவிட்டு, ஆமாம் என்றோ இல்லையென்றோ சொல்லிவிட்டால் போதும். ஆயிரம் பேர் வாசித்தாலும் எனக்கு அதுதான் கணக்கு.

எழுதிக்கொண்டிருந்தபோது அவர் அவ்வப்போது கதவருகே வந்து நிற்பார்.

"எடி, என்ன கதையாக்கும்?"

"குடும்பக் கதை."

"நம்ம குடும்பமா?"

"எல்லாக் குடும்பமும்தான். அச்சில வரட்டும், அப்புறம் வாசிச்சுக் காட்டுதேன்."

அச்சில் வருமா என்பதே எனக்கு நிச்சயமில்லை. நாகர்கோவிலில் ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு நாவலை அனுப்பிவிட்டு, தினமும் ஜெபத்தில் அதற்கும் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டேன். ஆண்டவரிடம் நாவலைப் பற்றிப் பேசுவது முதலில் கூச்சமாக இருந்தது. நோயாளிகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், மழை, அடுத்த வீட்டாரின் வழக்கு எல்லாவற்றுக்கும் பிறகு, மெதுவாக, "அந்த விஷயத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லி ஆமென் போடுவேன். கணவர் ஒரு நாள் கண்ணைத் திறந்து, "எந்த விஷயம்னு தெளிவாச் சொல்லாட்டா அவருக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். மறுநாளிலிருந்து அவரே சத்தமாக, மலையாளத்தில், பதிப்பகத்தின் பெயரையும் ஊரையும் சொல்லி ஜெபித்தார். முகவரி மட்டும்தான் பாக்கி.

பதில் வந்தது. போடுகிறோம் என்றார்கள். நான் லேபில் ஒருவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. ஊசியை எடுக்காமல் சிரித்துக்கொண்டு நின்றேன். "சிஸ்டரே, எனக்கு ஏதாவது வியாதியா, ஒளிச்சு வைக்கேளா?" என்று அவர் பயந்துவிட்டார்.

புத்தகக் கட்டுகள் கடை விலாசத்துக்கே வந்தன. அன்று சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடைக்குப் போனபோது, அவர் கட்டைப் பிரித்து, நிற அட்டைகளுக்குப் பக்கத்தில் நாவலை அடுக்கிவைத்து வியாபாரமே தொடங்கியிருந்தார். பெயிண்டுக்குத் தின்னர் வாங்க வந்த ஒருவர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து, என்ன இது என்று மலையாளத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சேட்டா, இது எந்தா?"

"என்டெ பார்யா எழுதியதா. நாவலாணு." என் மனைவி எழுதியது, நாவல் என்கிறார்.

"கத எந்தா?"

என் கணவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "குடும்பக் கதையாக்கும். ஆதியில கொஞ்சம் கஷ்டம். பின்ன எல்லாம் சரியாவும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தச் சுருக்கம் வேதாகமத்துக்கும் பொருந்தும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஒரு மனுசன் இவ்வளவு பெருமையாக விற்கிறாரே என்று மனசு என்னவோ செய்தது. வாங்க வந்தவரோ, "டின் வாங்கினா இது ஃப்ரீயா?" என்று கேட்டார். அவரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

சபையில் செய்தி பரவிற்று. புத்தகம் எழுதியிருக்கிறாள் என்றதும் எல்லோரும் அது சாட்சிப் புத்தகம் என்றே முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் சபையில் ஒருத்தி புத்தகம் போட்டால் அது நோயிலிருந்து எழுந்த சாட்சியாக இருக்கும், இல்லாவிட்டால் பாட்டுப் புத்தகமாக இருக்கும். "எந்த வியாதியிலேருந்து எழும்பின மக்கா? எங்களுக்குத் தெரியாமப் போச்சே" என்று ஒரு அக்கா என் கையைப் பிடித்துக் கண்கலங்கினாள். போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் என்னை நிறுத்தி, "கதையில் இரட்சிப்பு உண்டுதானே?" என்று அக்கறையோடு கேட்டார்.

"உண்டு ஐயா. கொஞ்சம் தாமதமா வரும்."

"தாமதமானா குற்றமில்லை. வந்தால் சரி" என்றார். நல்ல மனுசன்.

வெளியீட்டு விழா என்று ஒன்றும் வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். மேடை, மாலை, பொன்னாடை எதற்கும் எனக்குத் தெம்பில்லை. கணவர் சரி சரி என்று தலையாட்டினார். அவர் தலையாட்டினால் நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அந்த வாரம் அறுப்பின் பண்டிகை. எங்கள் சபையில் அன்று மட்டும் தமிழ் ஆராதனையும் மலையாள ஆராதனையும் ஒன்றாக நடக்கும். ஒரே மெட்டில் பாதிப்பேர் தமிழிலும் பாதிப்பேர் மலையாளத்திலும் பாடுவோம். கடைசியில் ஆமென் மட்டும் ஒன்றாக வந்து சேரும். அவரவர் தோட்டத்தில் முதலில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் படைப்பார்கள். ஏத்தன் வாழைக்குலை, பலாப்பழம், மரச்சீனிக் கிழங்கு, சேனை, முதல் முட்டை, கோழி, தோட்டம் இல்லாதவர்கள் சுட்டுக்கொண்டு வந்த முந்திரிக்கொத்து. ஆராதனை முடிந்ததும் எல்லாம் மண்டபத்தில் ஏலத்துக்கு வரும்.

இந்த ஏலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்த பொருளை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். "சபைக்கே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அது மறுபடி ஏலத்துக்கு வரும். மறுபடி ஒருவர் எடுத்து மறுபடி கொடுப்பார். இப்படிக் கொடுப்பதில் என் கணவரை மிஞ்ச ஆளில்லை. ஒரே கோழியை ஒரே நாளில் பலமுறை எடுத்துப் பலமுறையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டில் வந்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார். நாங்கள் சேர்ந்து வாழும் இத்தனை வருடத்தில் அந்த மண்டபத்திலிருந்து ஒரு தேங்காய்கூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

படைத்தவற்றின் மேல் கைகளை விரித்துப் போதகர் ஜெபித்தார். நிலத்தின் விளைவையும், உழைத்தவர்களின் வியர்வையையும், பிறகு நிறுத்தி, "இந்தச் சபையின் ஒரு மகள் எழுதின முதல் புத்தகத்தையும்" ஆசீர்வதிக்கும்படி கேட்டுக்கொண்டார். நான் கண்ணைத் திறந்தேன். மரச்சீனிக் கட்டுக்கும் சேனைக்கும் நடுவில், ஒரு வாழையிலைத் துண்டின் மேல், என் நாவல் உட்கார்ந்திருந்தது.

ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை இறுக மூடி மிகுந்த பக்தியோடு நின்றார். அவ்வளவு பக்தியை நான் அவரிடம் என்றைக்கும் கண்டதில்லை. வீட்டுக்கு வா, உனக்கு இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பீடத்துக்கு முன்னால் நின்று நினைக்கக் கூடாததுதான். ஆனால் அதையும் மீறிச் சந்தோஷமாக இருந்தது. சேனைக்குக் கிடைத்த ஜெபம் என் கதைக்கும் கிடைத்துவிட்டது.

மண்டபத்தில் ஏலம் போடுகிறவர் சபைக் கமிட்டியில் உள்ளவர். மைக் தேவையில்லாத தொண்டை. கோழி போய்த் திரும்பி வந்து போய்த் திரும்பி வந்தது. அப்புறம் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இது நம்ம ரத்தம் எடுக்கிற அக்கா எழுதின புஸ்தகமாக்கும். இதில ஊசி கிடையாது. தைரியமாக் கேக்கலாம்!"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? ஏலம் மளமளவென்று ஏறியது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எடுத்தார். எடுத்தவர் அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. "சபைக்கே!" என்று கொடுத்துவிட்டார். கைதட்டினார்கள். பாடகர் குழுத் தலைவர் எடுத்தார். "சபைக்கே!" மறுபடி கைதட்டல். அடுத்து வாலிபர் சங்கமே சேர்ந்து எடுத்தது. "சபைக்கே!"

எல்லோரும் என்னைப் பெருமைப்படுத்துகிறார்கள் என்று தெரியாமலில்லை. ஒவ்வொருவரும் திருப்பிக் கொடுக்கும்போது என் பக்கம் பார்த்து ஒரு புன்னகை. ஆனால் ஒவ்வொரு முறையும் புத்தகம் மேசைக்கே திரும்பியது. கோழி திரும்பி வந்தால் கோழிக்கு நல்லது. புத்தகம் திரும்பி வந்தால் எழுதினவளுக்கு என்ன நல்லது? இப்படியே சுற்றிச் சுற்றி, யாரும் திறக்காமல், பழுத்த குலையோடு சேர்ந்து சாயங்காலமாகிவிடும் போலிருந்தது. என் வாசகர் ஆண்கள் வரிசையில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவர் ஏலம் கேட்க ஆரம்பித்தார். எதிர்க்கேள்வி வந்தது, இவர் ஏற்றினார். மறுபடி வந்தது, மறுபடி ஏற்றினார். கடைசியில் எல்லோரும் ஓய்ந்தார்கள். ஏலக்காரர் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, வழக்கப்படி திருப்பி வாங்கிக்கொள்ள அந்தக் கையை நீட்டியபடியே நின்றார். கைதட்டத் தயாராக மண்டபமும் காத்திருந்தது.

அவர் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"சபைக்கே எண்ணு சொல்லும்" என்றார் ஏலக்காரர்.

"இது தரமாட்டேன்."

"பின்ன?"

"எனக்கு வாசிக்கணும்."

சிரிப்பு வெடித்தது. அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பது ஊருக்கே தெரியும். "எலே, நாகர்கோவில் எண்ணு எழுதியிருக்க பக்கத்த மட்டும் வாசிப்பான்!" என்று அவருடைய கூட்டாளி ஒருவர் கத்தினார். இவர் அசரவில்லை.

"எனக்கு வாசிச்சுத் தர ஆள் உண்டு" என்று பெண்கள் பக்கம் மோவாயை நீட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பலாப்பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "கடையில கட்டுக் கட்டா இருக்கே. ஒண்ணை எடுத்துட்டு வந்தாப் போதாதா? என்னத்துக்கு ஏலத்தில போய் எடுத்தீங்க?"

"கடையில இருக்கது விக்கதுக்கு. இது ஜெபம் பண்ணினது" என்றார். என்னிடம் கேட்காமல் கொண்டுபோய் வைத்ததற்குத் திட்டவேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அப்போது ஞாபகம் வரவில்லை.

அன்று சாயங்காலமே தொடங்கினோம். குடும்ப ஜெபம் முடிந்து வேதாகமங்களை எடுத்து வைத்ததும், அவர் கண்ணாடியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பார்ப்பதற்கு அவர் கையில் ஒன்றும் இல்லை. கண்ணாடி மட்டும் மூக்கில் இருந்தது.

"நீ தமிழ்ல ஒரு வரி வாசி. நான் அதை மலையாளத்தில சொல்லுதேன். அப்பதான் எனக்கு மனசிலாச்சுதா இல்லியாண்ணு உனக்குத் தெரியும்."

இப்படித்தான் என் நாவல் எங்கள் வீட்டில் வாசிக்கப்பட்டது. ஒரு வரி நான், ஒரு வரி அவர். நான் முதல் வரியை வாசித்தேன்: மழை நின்றிருந்தது. அவர் யோசித்து, "மழ தோர்ந்நு" என்றார். மழை ஓய்வதற்கென்றே மலையாளத்தில் உள்ள சொல். மூன்று வருடம் உட்கார்ந்து எழுதிய எனக்கு அந்த 'தோர்ந்நு' தோன்றவில்லையே என்று பொறாமையாக இருந்தது.

நாளுக்குச் சில பக்கம் போனோம். அவர் நல்ல வாசகர். ஆனால் வாயை மூடாத வாசகர். கதையில் ஒருத்தி பாறசாலையில் ரயில் ஏறுகிற இடத்தில், "அந்த வண்டி இங்க நிக்காதே" என்று புத்தகத்தையே நிறுத்திவிட்டார். எந்த வண்டி நிற்கும், எது நிற்காமல் போகும் என்பதையெல்லாம் சொல்லி முடித்தபிறகுதான் அவளை ஏறவிட்டார். மாமியார் பாத்திரம் வந்தால், "இது யாருண்ணு எனக்குத் தெரியும்" என்று சிரிப்பார். யார் என்று சொல்ல மாட்டார். எனக்கு அந்த நாட்கள் பண்டிகை போலத்தான் இருந்தன. லேபில் நின்றாலும் சாயங்காலம் எப்போது வரும் என்றிருக்கும்.

மஞ்சள் அத்தியாயம் நெருங்க நெருங்க எனக்குப் பயம் பிடித்தது. இத்தனை வருடம் கேட்காததை இப்போது ஏன் கேட்க வேண்டும்? நன்றாகத்தானே இருக்கிறோம். ஒரு நாள் தொண்டை சரியில்லை என்றேன். அவர் அடுக்களைக்குப் போய்ச் சுக்குத் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து, சுக்குவெள்ளம் எடுத்துக்கொண்டு வந்தார். "குடி. குடிச்சிட்டு வாசி. அந்தப் பெண்ணு வீட்டுக்கு வந்தாளா இல்லியாண்ணு எனக்குத் தெரியணும்."

குடித்தேன். வாசித்தேன்.

கதையில் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். பெயிண்ட் வாசனை. அவர் ஒவ்வொரு வரியையும் மலையாளத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். குரல் மட்டும் தாழ்ந்துகொண்டே போனது. கடைசியில் அந்த வரி வந்தது. அவன் அழுதுகொண்டே சுவர் முழுவதும் மஞ்சள் அடித்திருந்தான்.

அவருடைய முறை. நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருந்தேன்.

"இது அப்பிடியில்ல" என்றார் கடைசியில், தமிழிலேயே.

"எது?"

"அழுதுட்டே அடிக்க முடியாது எடி. கண்ணு தெரியாம கோடு கோடா வரும். நான் அழல்ல. எனக்கு அழ நேரம் இல்ல."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நீ அம்மை வீட்டுக்குப் போவேண்ணுதான் நான் நினைச்சிட்டு இருந்தேன். திடீர்னு, இல்ல, இங்கதான் வாறாண்ணு ஆள் வந்து சொன்னாங்க. நான் அந்த ரூமைப் போய்ப் பாத்தேன். நீ நிறுத்தின இடத்தில சுவர் பாதியில நின்னுது. சன்னலுக்குக் கீழ, பிரஷ் இழுத்தபடியே, வாலு மாதிரி. உன் பிரஷும் அங்கேயே கிடந்துது. நீ வந்து அதைப் பாக்கப்பிடாதுண்ணு தோணிச்சு. பாதியில நின்னது ஒண்ணு போதும், சுவரும் அப்பிடி நிக்கண்டாம்ணு. நீ வாறதுக்குள்ள முடிக்கணும். ஓடி ஓடி அடிச்சேன். அதாக்கும் ஒரு கோட்டு."

எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன். நான் கதையில் அவருக்குக் கொடுத்த கண்ணீர் எவ்வளவு அழகாக இருந்ததோ, அவ்வளவு பொய்யாக இருந்தது. வாசலில் நான் வாசனை பிடித்துக் கல்லாகி நின்ற அந்த நேரத்தில், இந்த மனுசன் எனக்காக ஓடி ஓடி அடித்துவிட்டு, பிரஷைக்கூடக் கழுவாமல் எங்கோ ஒளித்துவைத்துவிட்டு நின்றிருக்கிறார்.

"அப்புறம் ஏன் இத்தனை வருஷமா இன்னொரு கோட்டு அடிக்கல்ல? நான் எத்தனை பேர் முன்னால கேலி பண்ணினேன்!"

"அந்த ரூமுக்கு பிரஷ் எடுத்துட்டுப் போனா எனக்குக் கையி ஓடாது" என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "உனக்கு வேணும்ணா நாளைக்கு அடிக்கட்டா? கடையில அதே மஞ்சள் உண்டு" என்றார்.

"வேண்டாம். அது அப்பிடியே கிடக்கட்டும்."

"புஸ்தகத்தில மாத்தணுமா?"

"அடுத்த பதிப்பு வந்தா மாத்துதேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அவன் அழுதாண்ணே இருக்கட்டும். வாசிக்கவங்களுக்கு அது பிடிக்கும். சரியான காரணம் உனக்குத் தெரிஞ்சாச்சு இல்லியா? அது போதும்."

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். எழுந்துபோய் அந்தச் சன்னலின் கீழே பார்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் விடவில்லை. சுக்குவெள்ள டம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்தார்.

"பின்ன அந்தப் பெண்ணு என்ன செய்தா? அடுத்த வரி வாசி" என்றார்.

நான் வாசித்தேன்.